வெள்ளப் படத்தில் மூன்றாவது நிறம்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘தெரியல மேடம்’. வாசல் காவலரிடம் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தலையைச் சொறிவார். பட்டப்பெயரைச் சொன்னால் போதும், “ரெண்டாவது மாடி, ஜன்னலோர மேசை” என்று பட்டென்று வழி சொல்லிவிடுவார். இவ்வளவு படித்தவளுக்கு இப்படியொரு பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எல்லாம் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஊர் தண்ணீரில் கிடக்கும்போது, பெரிய அதிகாரிகள் நடுவில் நின்று, ‘எனக்குத் தெரியவில்லை, என் மெஷினுக்கும் தெரியவில்லை’ என்று சொல்ல எத்தனை பேர் கிடைப்பார்கள்? அவள் சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவள் கொடுக்கவிருந்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ள நிவாரணத் துறையில் வரைபடம் போடும் பிரிவு அது. அவள் வேலை என்னவென்று யாராவது கேட்டால், பைக் மெக்கானிக்கான அவள் புருஷன் முந்திக்கொண்டு பதில் சொல்வான்: “ஆகாசத்துல இருந்து எடுத்த படத்துல எந்த ஊர்ல எவ்வளவு தண்ணின்னு சொல்லுவா. பாத்ரூம் பக்கெட்ல தண்ணி இருக்கான்னு கேட்டா மட்டும், நீங்களே போய்ப் பாருங்கம்பா.”

அவன் கேலி செய்தாலும் விஷயம் அதுதான். சாதாரணக் கேமரா வைத்த செயற்கைக்கோள் மழைக்காலத்தில் மேலே போனால் மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிக்கும். ஆகவே வெள்ள நேரத்தில் ரேடார் செயற்கைக்கோளை நம்பவேண்டும். அது தானே அலையைச் சாய்வாக அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிக்கொள்ளும். மேகமும் இருட்டும் அதை ஒன்றும் செய்யாது. அசையாத தண்ணீரில் விழுந்த அலை அந்தப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்விடும், திரும்பி வராது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாக விழும். காய்ந்த நிலம் சாம்பல். சுவரும் கட்டடமும் பளீரென்ற வெள்ளை. இந்தப் புள்ளிகளை மனிதர்கள் உட்கார்ந்து பிரித்தால், பிரித்து முடிப்பதற்குள் வெள்ளம் வடிந்து சேறும் காய்ந்துவிடும். அதற்காகத்தான் அவள் ஒரு மெஷினைப் பழக்கினாள். மெஷின் என்றவுடன் சக்கரமும் பெல்ட்டும் நினைக்கவேண்டாம், கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் நிரல்தான். பழைய வெள்ளப் படங்களை ஆயிரக்கணக்கில் காட்டி, ‘இது தண்ணீர், இது தரை’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் புதுப் படத்தைப் பார்த்து அதுவே சொல்ல ஆரம்பிக்கும். தண்ணீருக்கு நீலம், தரைக்குப் பழுப்பு.

சொல்லிக்கொடுப்பது என்றால் ஏனோதானோவென்று இல்லை. அவளும் பக்கத்து மேசைத் தோழியும் இன்னும் சிலரும் மாதக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து பழைய படங்களில் தண்ணீரைக் குறித்தார்கள். அந்த வேலைக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: “கண்ணால பாக்காததைக் குறிக்காதீங்க.” ஊகம் கூடாது. மேகம் விலகி, வெயில் அடித்து, சாதாரணக் கேமராப் படம் தெளிவாகக் கிடைத்த பிறகு, அதில் பார்த்துத்தான் ரேடார் படத்தில் குறிக்கவேண்டும்.

அந்தச் சட்டம் அக்காவிடமிருந்து வந்தது. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில், தையல் மெஷினை மிதித்துத் தங்கையை வளர்த்தவள் அக்கா. துணி வெட்டும் பெரிய மரமேசைக்கு ஒரு பக்கம் அக்கா கத்தரியோடு நிற்பாள், மறுபக்கம் தங்கை கணக்குப் போடுவாள். சாக்பீஸ் தூள் பாடநோட்டில் ஏறும், மை துணியில் ஏறும், இரண்டுக்கும் சண்டை வரும். “அளக்காம வெட்டாத. வெட்டுனது வெட்டுனதுதான்” என்று அக்கா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். அந்தப் பேச்சில் வளர்ந்தவள் வானத்தையே அளக்கும் வேலைக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மெஷினைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பிரிவுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மதிப்பெண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகு படகுகள் எங்கே போகவேண்டும் என்பதை அவளுடைய படத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். “சிபாரிசு, செல்வாக்கு, போன் எதையும் கேக்காதீங்க. படம் எங்க நீலம் காட்டுதோ அங்க போங்க” என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவள் அவளேதான். கைதட்டினார்கள். நியாயமான பேச்சு, தட்டவேண்டியதுதான்.

அப்புறம் அந்த மழை வந்தது. விடாமல் கொட்டியதில் ஆற்றங்கரை உடைந்தது. காலையில் செயற்கைக்கோள் கடந்து போய், படம் வந்து சேர்ந்து, மெஷின் அதற்கு நிறம் போட்டு முடித்தபோது அவள் மேசையில் டீ இன்னும் ஆறவில்லை. ஊருக்கு வெளியே வயல்வெளி முழுக்க நீலம். ஊருக்குள் வீடுகள் நெருங்கிய பகுதியெல்லாம் பழுப்பு. படகுகள் வயல் பக்கத்துக் குடியிருப்புகளுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அக்காவின் போன்.

“ஏய், எங்கடி இருக்க?”

“ஆபீஸ்லதான் அக்கா. பயப்படாத, உங்க தெருவுக்குத் தண்ணி வரல. இப்பதான் படம் பாத்தேன்.”



“வரலையா?”

“வரல. பழுப்பாதான் இருக்கு. காஞ்ச தரை.”

“அப்ப நான் எதுக்குடி கட்டில் மேல ஏறி நிக்குறேன்? புது பல்பு மாட்டவா?”

போனுக்குள் தண்ணீர் சளப்சளப்பென்று அடிக்கும் சத்தம் கேட்டது. “உங்க மாமாவத் தூக்கி துணி வெட்டுற மேசை மேல போட்டிருக்கேன். தண்ணி முழங்கால் வரைக்கும் வந்தாச்சு, ஏறிக்கிட்டே இருக்கு. நேத்தே கிளம்பியிருப்பேன். தண்ணி வந்தா படத்துல தெரியும், சொல்றேன்னு நீதான சொன்ன?” என்றாள் அக்கா. அதில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. அக்கா பயந்து அவள் கேட்டதே இல்லை.

மாமா பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்தபிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரை மாடிப்படியில் ஏற்ற அக்கா ஒருத்தியால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முந்தின நாளே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை. பின்னாலிருந்து கத்தினார்: “அந்த மெஷின்கிட்ட சொல்லு, காஞ்ச தரையில என் போர்வை நனையுதுன்னு!”

“இதோ அக்கா, இதோ படகு அனுப்பறேன்” என்று போனை வைத்துவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

கீழே பெரிய அறையில் பிரிவுத் தலைவரும் படகுகளுக்குப் பொறுப்பான அதிகாரியும் அவள் போட்ட படத்தை விரித்துவைத்து நின்றார்கள். படகு அதிகாரிக்குக் கரகரத்த தொண்டை. விடியற்காலையிலிருந்து வயர்லெஸ்ஸில் கத்தியதில் அது இன்னும் கட்டியிருந்தது.

“சார், படம் தப்பு” என்றாள்.

“எந்த இடத்துல தப்பு?”

“தையல் சந்துல. அங்க முழங்காலளவு தண்ணி. படத்துல தரைன்னு இருக்கு.”

“எப்படித் தெரியும்?”

“என் அக்கா வீடு அங்கதான். இப்பதான் பேசினேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சங்கடம் வந்தால் அவருக்கு அதுதான் வழக்கம்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் படகு அதிகாரி. “காலையில இருந்து எனக்கு போன் போடாத சொந்தக்காரன் பாக்கியில்ல. என் மச்சான்கூடப் போட்டான், வேணாம்னு வெச்சுட்டேன். எல்லாருக்கும் அவங்கவங்க அக்கா அக்காதான். இருக்குறது கையளவு படகு. போனைக் கேக்காதீங்க, படத்தைப் பாருங்கன்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதான?”

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அவள் வாயால் போட்ட பூட்டு, அவளே திறக்கவேண்டும். வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே அழுது, காலில் விழுந்து, ஒரு படகையாவது பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள். அதையும் தப்பென்று சொல்ல முடியாது, தனக்கு மிஞ்சித்தானே தானம்? ஆனால் அவளுக்கு வேறொரு கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மெஷின் என் அக்கா தெருவில் மட்டும் எப்படித் தப்பு செய்யும்? ஒரு தெருவில் தப்பென்றால் அதே மாதிரித் தெருக்களில் எல்லாம் தப்புதானே?

திரும்ப மேலே ஓடினாள். மெஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பழைய படங்களைத் திறந்தாள். ஒன்றைப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது.

முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்தான் கிடந்தது. மேகம் விலகி வெயில் அடிக்கும்வரை காத்திருந்து குறித்தார்களே, அதற்குள் தெருத் தண்ணீர் வடிந்துபோயிருக்கும். வயலில் மட்டும் தேங்கி நிற்கும். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் குறித்தார்கள், பொய் சொல்லவில்லை. ஆனால் ரேடார் படம் எடுத்த அன்று தெருவில் ஓடிய தண்ணீரை, பிறகு வந்த வெயில் படம் எப்படிக் காட்டும்? எத்தனையோ வெள்ளங்களில், எத்தனையோ ஊர்களில், முங்கிக் கிடந்த தெருக்களையெல்லாம் ‘தரை, தரை, தரை’ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிளிப்பிள்ளை மாதிரி அதுவும் கற்றுக்கொண்டது. சோதனைக்கு வைத்த படங்களும் அதே சட்டப்படி குறித்தவைதான். டியூஷன் எடுத்த வாத்தியாரே கேள்வித்தாளும் போட்டால் பிள்ளை தொண்ணூற்றாறு வாங்காமல் என்ன செய்யும்? அளக்காமல் வெட்டக்கூடாது என்று அளந்து அளந்து வெட்டியவள், அளந்த நாள் தப்பு என்பதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இவள் சறுக்கிய இடத்தில் ஓர் ஊரே நின்றுகொண்டிருந்தது.

உட்கார்ந்து புலம்ப நேரமில்லை. பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டாள். “மழைக்கு முன்னாடி எடுத்த ரேடார் படத்த எடு. இன்னைக்குப் படத்துல இருந்து அதக் கழிச்சுப் பாப்போம்.”

“எதுக்கு? தெருவுல தண்ணி இருந்தா கறுப்பாயிருக்கணுமே, எல்லாம் வெள்ளையாதான இருக்கு?”

“வெள்ளையாதான் இருக்கும். ஆனா முன்னவிட வெள்ளையா இருக்கான்னு பாரு.”

நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. வெட்டவெளியில் தண்ணீர் மேல் வழுக்கிய அலை போனது போனதுதான். தெருவில் வழுக்கினால் எதிரே சுவர் நிற்கும். அதில் மோதி, வந்த வழியே கும்மென்று திரும்பும். தண்ணீர் புகுந்த தெரு கறுக்காது, முன்னைவிடப் பளிச்சிடும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்தான், அவளுக்குத் தெரியாததல்ல. மெஷின் சரியாகச் சொல்கிறது என்ற நிம்மதியில் அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கழித்த படம் திரையில் விரிந்தது. தையல் சந்து, பழைய படத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. அக்கா பொய் சொல்லவில்லை என்று செயற்கைக்கோளும் சாட்சி சொன்னது. ஆனால் அந்தப் பளபளப்பு அங்கே மட்டும் இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால், கிடங்குகளுக்கு நடுவில் மூட்டை தூக்குகிறவர்கள் குடியிருக்கும் ஒண்டுக்குடித்தன வரிசைகள் அதைவிடப் பளிச்சென்று எரிந்தன. தரைமட்ட வரைபடத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தாள். தையல் சந்தைவிட அந்த இடம் ஓர் ஆள் உயரம் பள்ளம். அக்கா வீட்டில் முழங்காலளவு என்றால் அங்கே?

அங்கிருந்து யாரும் போன் பண்ணவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஆபீசில் தங்கச்சி கிடையாது.

சுவர்கள் செயற்கைக்கோளுக்கு முகம் காட்டாமல் கோணலாக நின்ற பள்ளத் தெருக்கள் வேறு சில இருந்தன. அவற்றில் கறுப்பும் இல்லை, கூடுதல் வெளிச்சமும் இல்லை. தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கை பழக்கத்தில் பழுப்பு நிறத்துக்குப் போனது. நிறுத்தினாள். தெரியாத இடத்துக்குப் பழுப்பு அடித்துத்தானே இந்த நிலைமை? மஞ்சளை எடுத்தாள். பளிச்சிட்ட தெருக்களுக்கும், பிடிபடாத பள்ளங்களுக்கும் மஞ்சள் போட்டு அச்செடுத்து, கீழே கையால் எழுதினாள்: ‘தெரியவில்லை. முதலில் போய்ப் பார்க்கவும்.’

படத்தைப் பார்த்துவிட்டுத் தலைவருக்குக் கோபமே வந்துவிட்டது. “என்னம்மா இது? தெரியலன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய மெஷினு?”

“தெரியாதத தரைன்னு சொல்லிச்சு சார் இதுவரைக்கும். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்துட்டேன்.” எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். பூசி மெழுகவில்லை, ‘நாங்க’ என்று மற்றவர்களையும் சேர்த்து இழுக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தொண்ணூற்றாறு அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

படகு அதிகாரி மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி மேடம். இத்தனை இடத்துக்கும் ஒரே நேரத்துல போக முடியாது. மொதல்ல எங்க?”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா.

“மேசைக்கால் பாதிக்கு மேல முங்கிடுச்சுடி. படகு கிளம்பிடுச்சா?”

“அக்கா... கொஞ்சம் நேரமாகும்.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியல அக்கா.”

போனை வைத்தாள். இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தடவை போட்ட படமும் கையில் இருக்கிறது, யாரும் அவளைத் தப்பு சொல்ல முடியாது. தையல் சந்தும் மஞ்சள்தானே! முதலில் அங்கே என்று சொன்னால் பொய்கூட ஆகாது. அவள் சொன்னாள்:

“மார்க்கெட்டுக்குப் பின்னால. அதுக்கப்புறம் தையல் சந்து.”

“உங்க அக்கா?” என்றார் அதிகாரி. அவர் குரலில் கரகரப்பு குறைந்திருந்தது.

“அவங்க மேசை மேல இருக்காங்க சார். அங்க மேசை முங்குற அளவுக்குத் தண்ணி இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியல. தெரியாததாலதான் மொதல்ல போங்கங்கறேன்.”

படகுகள் கிளம்பின. அறையில் வயர்லெஸ் பெட்டி கொரகொரவென்று இருமிக்கொண்டே இருந்தது. அவள் அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை. அங்கே தண்ணீர் இல்லையென்று சேதி வரட்டும், என் கணக்கு தப்பாகட்டும், படகு அப்படியே அக்கா வீட்டுப் பக்கம் திரும்பட்டும். மனுஷ மனசு அப்படித்தான், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டி பேசியது: “இங்க ஆள் மட்டம் தண்ணி. ஜனங்க ஓட்டுக் கூரை மேல இருக்காங்க. குழந்தைகள் நிறைய. ரெண்டு படகு பத்தாது. இன்னும் அனுப்புங்க. உடனே அனுப்புங்க.”

கணக்கு சரி. சரியானதே பாவமாகப் போயிற்று. மிச்சம் நின்ற படகுகள் தையல் சந்துக்கென்று ஒதுக்கியவை. அதிகாரி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவளிடம் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, அவருக்கு அதிகாரம் இருந்தது. இருந்தும் கேட்டார்.

“அனுப்புங்க சார்” என்றாள்.

சொல்லிவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள், அவள் என்ன கல்லா? அக்காவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. அந்தக் குரலை அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் தாண்டித்தான் தையல் சந்துக்குப் படகு போனது. மேசைப் பலகைக்குத் தண்ணீர் ஏற நாலு விரற்கடைதான் பாக்கி. மாமாவைப் பலகையோடு சேர்த்தே படகுக்குத் தூக்கினார்கள். இரண்டு பேரும் பத்திரம் என்று சேதி வந்தபோது, அதை முதலில் கேட்ட படகு அதிகாரி, மைக்கை அணைக்காமலேயே “அப்பாடா!” என்று கத்திவிட்டார். அந்த அப்பாடாவை எல்லாப் படகுகளும் கேட்டன.

சாயங்காலம் பள்ளிக்கூட முகாமுக்கு அவளைப் புருஷன் பைக்கில் கொண்டுபோய் விட்டான். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டு மாமாவைப் படுக்கவைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. படகுக்காரன் ஏற்கெனவே சொல்லியிருந்தான், ‘உங்க சந்து ரெண்டாவதும்மா’ என்று.

“ரெண்டாவதாப் போட்டது யாரு?”

“நான்தான் அக்கா.”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. தங்கை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துப் பெஞ்சில் கிடங்குப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு. கைக்குழந்தை அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. யார் யார் மடியில் தூங்குகிறோம் என்று அன்றைக்குக் குழந்தைகள் கணக்குப் பார்க்கவில்லை. அந்தப் பெண் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், நடுக்கம் விடாத பேச்சு. “கூரைமேல எத்தன நேரம் உக்காந்திருந்தோம்னே தெரியலக்கா. ஓடு ஒவ்வொண்ணா நழுவுது. எங்களுக்கெல்லாம் யாரு வரப்போறான்னு இருந்தோம். எங்க தெருவப் பத்தி யாரோ ஆபீஸ்ல சண்டை போட்டு மொதல்ல அனுப்பினாங்களாம், படகுக்காரரு சொன்னாரு. யாரு பெத்த புள்ளையோ, நல்லாயிருக்கணும். நாங்க எறங்கின கொஞ்ச நேரத்துல எங்க கூரை மொத்தமா உள்ள விழுந்துடுச்சுக்கா.”

அக்கா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்தவளைப் பார்த்து, அதட்டுகிற குரலில் சொன்னாள்:

“நீ மொதல்ல என் தெருவுக்கு அனுப்பியிருந்தா, இந்தப் புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு நான் எப்படிடி உக்காந்திருப்பேன்? எந்திரி. அங்க தரையெல்லாம் ஈரம்.”

வெள்ளம் வடிந்ததும் அவள் மெஷினுக்கு மறுபடி பாடம் எடுக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை வெயிலுக்குக் காத்திருக்கவில்லை. சேற்றுக்கறை சுவரில் காயும் முன்பே தெருத்தெருவாகப் போய், தண்ணீர் நின்ற உயரத்தை அளந்து குறித்தாள். அளந்தது அக்கா, தன் தையல் டேப்பை வைத்து. “இங்க இடுப்பு. இங்க மார்பு. இங்க கழுத்தளவு, எழுதிக்கோ” என்று ஊரையே ஒரு சட்டைக்கு அளக்கிற மாதிரி அளந்தாள். மெஷின் இப்போது தெருத் தண்ணீரையும் ஓரளவு கண்டுபிடிக்கிறது, பிடிபடாத இடத்துக்கு மஞ்சள் அடிக்கிறது. மஞ்சளுக்கு முதல் படகு என்பது இப்போது அந்தத் துறையின் வழக்கம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். தலைவர் சுவரிலிருந்த தொண்ணூற்றாறைத் தானே கிழித்துப் போட்டார். கிழித்த இடத்தில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, யாரும் இன்னும் பூசவில்லை.

அடுத்த மழையில் ஆறு மறுபடி ஏறியது. படத்தில் தையல் சந்தும் மஞ்சள், கிடங்குப் பகுதியும் மஞ்சள். தண்ணீர் கணுக்காலளவு இருக்கும்போதே இரண்டு இடத்துக்கும் படகு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் பெட்டி கொரகொரத்தது. கேட்டுக்கொண்டிருந்த படகு அதிகாரி சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டி அவள் பக்கம் திருப்பினார். ஆள் திணறிப்போன குரலில் படகுக்காரன் சொன்னான்:

“சார், தையல் சந்துல ஒரு அம்மா ஏறமாட்டேங்கறாங்க. எங்க மேசை இன்னும் காஞ்சுதான் இருக்கு, மொதல்ல மார்க்கெட்டுக்குப் பின்னால போய்ட்டு வாங்கறாங்க. அங்க ஏற்கெனவே படகு போயாச்சும்மான்னு சொன்னாலும் கேக்கல. அங்க எல்லாரும் ஏறிட்டாங்களான்னு தங்கச்சி வாயால கேட்டாத்தான் ஏறுவாங்களாம்.”

மார்க்கெட்டுக்குப் பின்னால் கடைசி ஆளும் ஏறியாச்சு என்று அதே பெட்டியில் சற்றுமுன்தான் சேதி வந்திருந்தது. அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். “எல்லாரும் ஏறியாச்சு அக்கா. தெரியும், நிச்சயமாத் தெரியும். நீ ஏறு.”